துளிக்குள் மணல்

முதலில் அதைச் சோதனை மருந்துப் பெட்டியின் கோளாறு என்றுதான் நினைத்தாள்.

மதியம். மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் ரத்தம் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரம் வேகம் குறைந்து, உறுமலாகி, முனகலாகி அடங்கிக்கொண்டிருந்தது. ஸ்பிரிட் வாடையும் யாரோ திறந்துவைத்த சாப்பாட்டு டப்பாவின் வாடையும் கலந்து அந்தச் சின்ன லேபில் தேங்கிக் கிடந்தன. கறுப்புத் தட்டில், ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் ஒரு துளி. அதன்மேல் புதுப் பெட்டியிலிருந்து பால்நிற மருந்து ஒரு துளி. குச்சியால் ஒரு கலக்கு. பிறகு தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, தொட்டிலை ஆட்டுவது போல இப்படியும் அப்படியும் சாய்க்க வேண்டும். உடம்பில் அழற்சி இல்லையென்றால் துளி பாலாகவே இருக்கும். ஈறிலோ குடலிலோ மூட்டிலோ, ஆளுக்கே தெரியாமல் ஒரு மூலையில் கனன்றுகொண்டிருந்தால்கூட, பால் திரியும். துளிக்குள் மணல் தெரியும்.

மணல் தெரிந்தது.

அது அவளுடைய சொந்த ரத்தம்.

பெட்டியோடு, சரிபார்ப்பதற்கென்று ஒரு குப்பி வரும். அது எப்போதும் பாதியிலேயே தீர்ந்துவிடும். அதனால் அந்த லேபில் ஒரு வழக்கம் இருந்தது: புதுப் பெட்டி வந்தால் அவள் தன் கையிலிருந்தே கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொள்வாள். அவளுக்குத் திரிந்தால் பெட்டி கெட்டது. திரியாவிட்டால் நல்லது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் துளி ஒருமுறைகூடத் திரிந்ததில்லை. பில் போடுகிறவள் அவளுக்கு வைத்திருந்த பெயர் அளவுகோல்.

"என்னடி அளவுகோல், தட்டையே முறைச்சுக்கிட்டு நிக்கிற?"

"பெட்டி கெட்டுப்போச்சு. வெயில்ல போட்டு வச்சு அனுப்பியிருக்கான்."

"பெட்டி கெட்டுச்சா, நீ கெட்டியா?"

பில் போடுகிறவள் சிரித்தாள். அவளும் சிரித்தாள். பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறொன்று வரவழைத்தார்கள். அதிலும் மணல். மூன்றாவது பெட்டி வந்தபோது அவள் சிரிக்கவில்லை. பில் போடுகிறவளின் கையைப் பிடித்து இழுத்து ரத்தம் எடுத்தாள். "ஏய், சொல்லிட்டுக் குத்துடி!" அந்தத் துளி பாலாகவே நின்றது. பக்கத்து வட்டத்தில் அவளுடைய துளி, ஆற்றோரத்துத் தண்ணீர் போலப் பொடிப்பொடியாகக் கிடந்தது.

லேபின் டாக்டரம்மா நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்து அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"பல்லு வலி?"

"இல்ல டாக்டர்."

"மூட்டு? வயிறு? காய்ச்சல்?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்."

"அப்படிச் சொல்றவங்களைப் பார்த்தாத்தான் எனக்குப் பயம்." எக்ஸ்ரே எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி, பொறாமையாக இருக்கிறது என்றார். எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பிவைத்துவிட்டு டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். "இந்த டெஸ்ட் வாசல்ல கட்டின நாய் மாதிரிம்மா. குரைக்கும். யாரைப் பார்த்துக் குரைக்குதுன்னு சொல்லாது. உன் உடம்பு எதையோ பார்த்துட்டு சண்டைக்கு நிக்குது. எதைன்னுதான் தெரியல."

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்தபோது, ஏனென்று தெரியாமல், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். மாடியில் மூன்றே அறை கொண்ட வீடு. கூடம், அவர்கள் படுக்கும் அறை, மகளின் அறை. குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் கணவன் வழக்கம்போல எதையோ கழற்றித் தரையில் பரப்பியிருந்தான்; எண்ணெய் வாடையும் சூடான கம்பியின் வாடையும் வந்தன; குழாய் எங்கோ சொட்டியது; எல்லாம் நேற்றுப் போலவே இருந்தன. மகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். உருண்டையாய் இருந்த காலத்தில் அவளுக்குப் பட்டாணி என்று பெயர் வைத்தார்கள். இப்போது உருண்டை எதுவும் மிச்சமில்லை. கட்டிக்கொண்ட கையில் எலும்பு தட்டுப்பட்டது.

படுக்கப் போகும் நேரத்தில் மகளின் அறையை எட்டிப்பார்த்தாள். பட்டாணி கட்டிலின் விளிம்பில், சுவரை ஒட்டி, ஒருக்களித்து ஒடுங்கிக் கிடந்தாள். மீதிக் கட்டில் காலியாக இருந்தது.

"நடுவுல நல்லா நீட்டிப் படேன்டி."

"இடம் இல்லம்மா."

தூக்கக் கலக்கம் என்று எண்ணிக்கொண்டு, மகளை இழுத்து நடுவில் போடக் காலிப் பக்கத்தில் கையை ஊன்றினாள். மெத்தை சூடாக இருந்தது. இவ்வளவு நேரம் இவள்தான் இங்கே படுத்திருந்திருப்பாள், இப்போதுதான் உருண்டிருப்பாள் என்று சொல்லிக்கொண்டாள். விளக்கை அணைத்தாள். கை வெகுநேரம் சூடாகவே இருந்தது.

மறுநாள் கணவனிடம் ஊசியோடு போனாள்.

"இத்தனை வருஷமா வாயாலயே உறிஞ்சுன. இப்ப ஊசி வேறயா?"

"பேசாம கையை நீட்டுங்க."

அவன் துளியிலும் மணல். மகளின் துளியைக் கடைசியாக எடுத்துக்கொண்டாள். மருந்து பட்டதும், தட்டைத் தூக்கி ஆட்டுவதற்கு முன்பே, திரிந்துவிட்டது. உப்புநீர் கலந்து சீரத்தை நீர்க்கவைத்தாள். மறுபடி திரிந்தது. இன்னும் நீர்க்கவைத்தாள். இன்னும். அது ரத்தமா தண்ணீரா என்று சந்தேகம் வருமளவு நீர்க்கவைத்த பிறகும், கறுப்புத் தட்டில் மணல் அப்படியே கிடந்தது.

மூன்று பேருக்கும் என்றால் வீட்டில்தான் ஏதோ இருக்க வேண்டும். கணவன் அப்படித்தான் சொன்னான். சுவரைத் தட்டிப் பார்த்தான், ஈரம் கண்டுபிடிக்கும் கருவியைக் கொண்டுவந்து மூலைமூலையாக வைத்தான், கட்டிலைக் கழற்றினான், தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கினான், பூஞ்சை ஒரு புள்ளிகூட இல்லை. ஆனாலும் மகளின் அறைக்குப் புது பெயின்ட் அடித்தான். அறை வாரக்கணக்கில் பெயின்ட் வாடை அடித்தது. அந்த வாடைக்கு அடியில், நெற்றியில் கை வைத்துப் பார்க்கும்போது காய்ச்சல்காரர்களிடமிருந்து வருமே, அந்த வெதுவெதுப்பான வாடை இருந்தது. அவன் தனக்கு எதுவும் தெரியவில்லை என்றான்.

சோதனை எங்கே என்று சொல்லாது. சரி. எங்கே என்று அவளே கண்டுபிடிப்பாள். ஆட்களை இடம் மாற்றி மாற்றிப் படுக்கவைத்து, துளி எப்போது தெளிகிறது, எப்போது திரிகிறது என்று பார்ப்பாள். எந்த டாக்டரும் இப்படித் தேட மாட்டார்கள். ரத்தம் எடுக்கும் கை வீட்டிலேயே இருந்தால்தான் முடியும்.

தனியாகத் தன் அக்கா வீட்டில் சில நாள் தங்கினாள். துளி பாலாயிற்று. திரும்பி வந்தாள். மணல். கணவனைக் கூடத்தில் படுக்கச் சொன்னாள். அவனுக்கு மணல் குறைந்தது. மகளின் கட்டிலில் மகளோடு படுத்தாள். விளிம்பில் மகள், மறு விளிம்பில் அவள், நடுவில் மடித்த போர்வை. தன் துளி அவ்வளவு கெட்டியாகத் திரிந்து அவள் பார்த்ததே இல்லை.

அறைதான். கண்டுபிடித்துவிட்ட நிம்மதியில் அழுகையே வந்தது. அறையைப் பூட்டினார்கள். மகளைக் கூடத்தில் இருவருக்கும் நடுவே படுக்கவைத்தார்கள். கணவன் சாவியை அலமாரிக்குள் போட்டுவிட்டு, "அந்த ரூம் ஒழிஞ்சது. இனிமே நிம்மதி" என்றான்.

அடுத்து எடுத்தபோது மூவரின் துளியிலும் ஒரே கெட்டி.

அப்படியென்றால் காரணம் அறை இல்லை.

அன்று மாலை முழுவதும் அவள் மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பட்டாணி தரையில் உட்கார்ந்து படம் வரைந்தாள். இடது பக்கம் நகராமல், வலது பக்கம் மட்டும் நகர்ந்து நகர்ந்து வரைந்தாள். நெரிசலான பேருந்தில் உட்கார்ந்திருப்பவள் போல.

"டாக்டர், அழற்சி ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்குத் தொத்துமா?"

"கிருமி தொத்தும். அழற்சி எப்படித் தொத்தும்? அது உடம்பு படற கோபம்மா." டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னார். "ஒரு வீட்ல எல்லாருக்கும் ஒரே நேரத்துல கோபம் வருதுன்னா, எல்லாரும் ஒரே ஆளைப் பார்த்திருக்கணும்." தான் வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்து அவர் சிரித்தார்.

அவள் மகளை அழைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். போனதும் அக்காவின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தாள். பால். "எனக்கு என்னடி குறைச்சல், கல்லைத் தின்னாலும் செரிக்கும்" என்றாள் அக்கா. தொலைபேசியில் கணவன், அங்கே தனியாக நன்றாகத் தூங்குவதாகச் சொன்னான். லேபுக்கு வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனான். பால்.

ஒரு வாரம் கழிந்தது. அக்கா சமையலறையில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"என்னக்கா?"

"தெரியலடி. நீங்க வந்ததிலேர்ந்து உடம்பே கனமா இருக்கு. யாரோ முதுகுல சாஞ்சுக்கிட்டே நிக்கற மாதிரி."

அக்காவின் துளியை அவள் ஆட்டவில்லை. ஆட்டத் தேவைப்படவில்லை.

அன்றே மகளைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்பினாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. என்ன சொல்வது? பார்த்தால் ஒன்றுமில்லை. கேட்டால் ஒன்றுமில்லை. கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத ஒன்றை ரத்தம் மட்டும் கண்டுகொண்டிருந்தது.

பட்டாணி கரைந்துகொண்டிருந்தாள். பள்ளியில் மேசைமேல் தலைவைத்துத் தூங்குகிறாள் என்று ஆசிரியை கூப்பிட்டுச் சொன்னார். தலை வாரினால் சீப்போடு முடி வந்தது. குழந்தைகள் டாக்டர் இளைஞர், பொறுமைசாலி. தேடக்கூடியதை எல்லாம் தேடிவிட்டுப் பேனாவை மூடினார்.

"காரணம் கிடைக்கல. ஆனா அதுக்காகக் காத்திருக்க முடியாது. இப்ப குழந்தையைத் தின்னுக்கிட்டிருக்கறது அந்த அழற்சியேதான். அவ உடம்பே அவளைத் தின்னுது. அதை அடக்கியாகணும்."

"அடக்குனா?"

"சண்டை நிக்கும்."

"சார்... ஒருவேளை அது ஏதோ ஒரு காரணத்தோடதான் சண்டை போடுதுன்னா?"

அவர் அவளைப் பரிவாகப் பார்த்தார். லேப்காரர்கள் தேவைக்கு அதிகமாகத் தெரிந்துவைத்திருப்பார்கள் என்கிற பார்வை. மாத்திரை எழுதினார்.

மாத்திரை இரண்டு நாள் சமையலறைத் தட்டிலேயே இருந்தது. கணவன் அதைக் கையில் எடுத்து அவள் முன்னால் நீட்டினான். அவன் கண் சிவந்திருந்தது.

"குழந்தையோட கையைப் பார்த்தியா? விறகுக்குச்சி மாதிரி இருக்கு. உனக்கு என்னதான்டி பயம்?"

"அவ உடம்பு எதையோ உள்ள விடாம தடுக்குதுங்க."

"எதை?"

அவள் மாத்திரையை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

"எதைன்னு கேக்கறேன்ல?"

அவள் மாத்திரையைப் பொடித்தாள். தேனில் குழைத்தாள். தன் கையாலேயே மகளின் நாக்கில் வைத்தாள். பட்டாணி முகத்தைச் சுளித்து விழுங்கிவிட்டு, இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

குணம் தெரிந்தது. அப்படியொரு குணம். பசி வந்தது, கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாள். கன்னம் உப்பி, பழைய பட்டாணி முகம் திரும்பியது. வீடெங்கும் ஓடினாள். கணவன் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றினான். லேபில் மகளின் துளி வைத்த தட்டை ஆட்டினாள், ஆட்டினாள், கை வலிக்க ஆட்டினாள். பால். வெள்ளை வெளேரென்று பால். மேசைமேல் கவிழ்ந்து அழுதாள். பில் போடுகிறவள் வந்து முதுகைத் தடவினாள்.

"அழாதடி. தட்டுல கண்ணீர் விழுந்தா அதுக்கும் பில் போடுவேன்."

அழுதபடியே சிரித்தாள். சிரித்தபடியே, சந்தோஷத்தில், தன் துளியையும் கணவனின் துளியையும் போட்டுப் பார்த்தாள்.

அவையும் பால்.

சிரிப்பு நின்றது. மாத்திரை சாப்பிட்டது குழந்தை மட்டும்தான். அவள் சாப்பிடவில்லை. கணவன் சாப்பிடவில்லை. அவர்களை யாரும் அடக்கவில்லை. ஒரே வீடு, ஒரே கூடம், பக்கத்துப் பக்கத்துப் படுக்கை. எதைப் பார்த்துச் சண்டைக்கு நின்றதோ, அது இப்போது அவர்கள் உடம்புக்குத் தென்படவில்லை.

போய்விட்டது. அப்படித்தான் இருக்க வேண்டும். போய்விட்டது என்று வீடு போகிற வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

பூட்டிய அறையை மகளே திறக்கச் சொன்னாள். அன்று அங்கேதான் படுப்பேன் என்றாள். விளக்கணைக்க உள்ளே போனபோது, பட்டாணி கட்டிலின் நடுவில், கையையும் காலையும் அகல விரித்து மல்லாந்து கிடந்தாள்.

"இப்ப இடம் இருக்காடி?"

"இருக்கும்மா." மகள் கண்ணை மூடியபடி சொன்னாள். "இப்ப ஒருத்தருக்குத்தானே வேணும்."

காலிப் பக்கத்தில் கை வைத்துப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. மாத்திரையைக் குறைக்கலாமா என்று பார்க்க டாக்டர் ரத்தம் கேட்டிருந்தார். ஜன்னல் வழியாகக் கூடம் முழுக்க வெயில். கணவன் குளியலறையில் சீட்டியடித்துக்கொண்டிருந்தான். கீழே தெருவில் யாரோ வண்டியைக் கழுவும் சத்தம். மகள் சோபாவில் உட்கார்ந்து, சொல்லாமலேயே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் கையை நீட்டினாள். முன்பெல்லாம் அழுவாள்.

கன்னம் உப்பியிருந்தது. கை உப்பவில்லை. அதே குச்சிக் கை. வெயிலில் நீல நரம்பு தெரிந்தது.

நரம்பு புடைக்கக் கையில் கட்டும் ரப்பர் பட்டையை எடுத்தாள். கையைச் சுற்றிக் கொண்டுவந்து இழுத்தாள். முனைகள் சேரவில்லை.

இன்னும் இழுத்தாள். பெரியவர்களுக்குக் கட்டும் பட்டை. தடித்த ஆண்களுக்கும் போதுமானது. ஒருவழியாக முனைகள் சேர்ந்தன. முடிச்சிட்டாள்.

பட்டை அந்தரத்தில் நின்றது.

இறுக்கமாக. விறைப்பாக. கீழே சரியாமல்.

அதன் நடுவில் மகளின் மெலிந்த கை, பட்டையில் எங்கும் படாமல். தோலுக்கும் பட்டைக்கும் இடையே, சுற்றிலும், வெயில் விழும் வெற்றிடம். ஒரு முழங்கையே நுழையும் அளவு.

சீட்டி நின்றது. தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

பழகிய விரல் தானாகப் போனது. நரம்பு தேடும் விரல். அந்த வெற்றிடத்துக்குள் நுழைந்து, பாதியில் நின்றது. போகவில்லை. அழுத்தினாள். மெத்தென்று அமுங்கியது. வெதுவெதுப்பு. விரல் நுனிக்கு அடியில் ஏதோ துடித்தது.

மெதுவாக. மிக மெதுவாக. குழந்தையின் நாடி அப்படித் துடிக்காது.

பட்டாணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிடைச்சுதாம்மா?"

துடிப்பு. இடைவெளி. துடிப்பு. ரப்பர் பட்டை ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் விரிந்தது.